இருநூற்றுப் பதினேழின் இடது ஓரம்

என் மனைவியைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி எங்கள் இயக்குநர் மேடம் கேட்டார். எங்கள் அருங்காட்சியகத்தில் எந்தப் பொருளின் கீழே எந்த அட்டை இருந்தாலும் அதை வெட்டி ஒட்டியவன் நான்தான். இதையும் நானே எழுதிவிட்டால் ஒரு வேலை மிச்சம் என்று நினைத்திருப்பார். எழுதிக் கொடுத்தேன். ‘வயது ஐம்பத்தொன்று. பழைய உடுப்புகளைத் திருத்தித் தைக்கும் கடையில் முப்பது வருடமாக வேலை. முறையாக ஓவியம் படித்தவர் அல்ல.’ அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதை எழுதிய ஆளின் லட்சணம் மட்டும் அதில் இல்லை. வெட்கத்தை விட்டு அதை இங்கே எழுதுகிறேன்.

அவள் வேலை செய்கிற கடை எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் இருக்கிறது. மூன்று தையல் மிஷின், ஒரு ஆள் உயரக் கண்ணாடி, உடுப்பு மாற்ற ஒரு மூலையில் திரை. அவ்வளவுதான் கடை. புதுத்துணி அங்கே தைப்பதில்லை. இடுப்பு பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவார்கள், இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பார்கள். ஊரில் யார் யாருக்கு எத்தனை அங்குலம் ஏறியது, இறங்கியது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒருவரைப் பற்றியும் வீட்டில் வாயைத் திறந்ததில்லை. நான் கிண்டிக் கேட்டாலும், “அவங்க உடம்பு, அவங்க கவலை. உங்களுக்கென்ன?” என்று முடித்துவிடுவாள்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. அதிகமாக இருக்கிற துணியை வெட்டவே மாட்டாள். உள்ளே மடித்து, வெளியே தெரியாமல் தைத்து வைப்பாள். “இந்த மாசம் இளைச்சவங்க அடுத்த மாசம் சாப்பிடாமலா இருக்கப் போறாங்க?” என்பாள். ஒரு வங்கி அதிகாரியின் ஒரே கால்சட்டையை ஒன்பது வருடத்தில் நாலு தடவை பிரித்து விட்டிருக்கிறாள். அந்த மனிதருக்குப் பதவி உயர்ந்ததும் அந்தக் கால்சட்டையோடுதான்.

என் தொழில் நேர்மாறு. படங்களை அட்டையில் ஏற்றுவது, பிரேம் போடுவது, மாட்டுவது. இரும்பு ஸ்கேலும் கத்தியும்தான் என் சொத்து. வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடத்தில் நான் வெட்டிய ஒரு தாளும் கோணியதில்லை. தச்சர்கள் மூலை சரிபார்க்கும் கருவியின் பெயரால், அலுவலகத்தில் என்னை ‘மூலைமட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர் என்று தெரிந்தும் நான் அதை விருதுபோலச் சுமந்து திரிந்தேன். படத்தை நான் பார்ப்பதில்லை, மூலைகளைத்தான் பார்ப்பேன் என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பெருமை வேறு அடித்துக்கொள்வேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருநாள் சாயங்காலம் அவள் கடை முடிந்து நேராக எங்கள் முன்வாசல் படியேறி வந்துவிட்டாள். தலையிலும் தோளிலும் நூல் பிசிறு, கையில் துணிப்பை. அன்று பெரிய மனிதர்கள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களோடு நானும் படியில் நின்றிருந்தேன். காவலாளி அவளைத் தடுத்து, “யாரு சார் இவங்க?” என்று என்னைக் கேட்டார். என் வாயில் “தெரிஞ்சவங்க” என்று வந்தது.

மனைவி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவளைப் படியிலிருந்து இறக்கி ஓரமாக அழைத்துப் போய், “இனிமே பின்பக்கமா வந்து நில்லேன். பஸ்ஸுக்கும் அதுதான் பக்கம்” என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அவளுக்கு ஐந்து மணிக்குக் கடை மூடும், எனக்கு வேலை முடிய ஐந்தரை ஆகும். அன்று முதல் தினமும் அரைமணி நேரம் பின்கேட்டுக்கு எதிரே நின்றாள். ஒருநாளும் முன்பக்கம் வரவில்லை. பஸ்ஸுக்குப் பக்கம் என்ற காரணத்தை நானே நம்பும் அளவுக்கு வருடங்கள் ஓடிவிட்டன.

இந்த வருடம் எங்கள் கட்டடத்தின் கூரையைப் பிரித்து வேலை பார்க்க வேண்டியதாகிவிட்டது. ஒன்றரை வருடத்துக்கு முகப்பு முழுவதும் சாரம் நிற்கும். சாரத்தை மறைக்க ஒரு பெரிய திரை தொங்கவிடலாம், அதில் எந்தப் படம் வர வேண்டும் என்று ஊராரே வரைந்து தரட்டும் என்று மேடம் ஒரு போட்டி வைத்தார். எந்த வயதுக்காரரும் வரையலாம். தலைப்பு, ‘எனக்குத் தெரிந்த அருங்காட்சியகம்’. படத்தில் பெயர் இருக்கக் கூடாது. பெயரைத் தனி உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் மட்டும் கலந்துகொள்ளக் கூடாது.

வீட்டில் இதைச் சொன்னபோது அவள், “யார் வேணா போடலாமா?” என்று கேட்டாள்.

“யார் வேணா போடலாம். ஆனா வரையத் தெரிஞ்சிருக்கணும்ல?” என்றேன்.

 நான் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன்.

நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் வந்தன. ஐந்து வயதுக் குழந்தையிலிருந்து எண்பத்துநாலு வயதுப் பெரியவர் வரை. பெயர் உறைகளைப் பிரிக்காமல் தனியே எடுத்து வைத்து, உறையிலும் படத்தின் முதுகிலும் ஒரே எண் போட்டு, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து அட்டையில் ஏற்றுவது என் வேலை. முக்கால்வாசிப் பேர் முகப்புக் கோபுரத்தையும் தூண்களையும்தான் வரைந்திருந்தார்கள். ஒரு குழந்தை தூண்களுக்குக் கால்சட்டை மாட்டிவிட்டிருந்தது. ஒருவர் மேடத்தையே வரைந்து தலைக்குப் பின்னால் சூரியனைப் போட்டிருந்தார். நான் தினமும் இவற்றை மனதில் குறித்துவைத்துச் சாயங்காலம் டீ குடிக்கும்போது அவளிடம் அவிழ்த்துவிடுவேன். அவளும் சிரிப்பாள். ஊரார் வேர்வை சிந்தி வரைந்ததை வைத்து நான் ஒரு மாதம் இலவச நாடகம் நடத்தினேன்.

இருநூற்றுப் பதினேழாம் எண் படம் மற்றவற்றைவிட மூன்று விரல் அகலம் கூடுதலாக இருந்தது. பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. இடது பக்கம் மேலிருந்து கீழாக மெல்லிய பென்சில் கோடு ஒன்று ஸ்கேல் வைத்துப் போடப்பட்டிருந்தது. அந்தக் கோட்டுக்கு வலது பக்கம் மையில் வரைந்த படம். இடது பக்கம், அந்த மூன்று விரல் இடத்தில், பென்சிலில் ஏதோ இருந்தது. பரவாயில்லை, எங்கே வெட்டணும்னு இந்த ஆளே கோடு போட்டுக் கொடுத்துட்டாரு என்று நினைத்துக்கொண்டு ஸ்கேலை வைத்தேன். ஒரே இழுப்பு. துண்டு கீழே விழுந்தது.

வெட்டி முடித்த பிறகுதான் படத்தைப் பார்த்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபுரம் இல்லை, தூண் இல்லை. எங்கள் கட்டடத்தின் பின்பக்கம். தண்ணீர்த் தொட்டி, துருப்பிடித்த இரும்புப் படிக்கட்டு, உடைந்த மரப்பெட்டிகள், கழிப்பறைக் குழாய்கள், இடது ஓரத்தில் பாதி திறந்த பின்கதவு. அன்றைய நாடகத்துக்கு இதைவிட நல்ல சரக்கு எனக்குக் கிடைக்காது.

“கேட்டியா கூத்தை? ஒரு ஆளு மியூசியத்தோட முதுகை வரைஞ்சு அனுப்பியிருக்கு. கக்கூஸ் குழாய் வரைக்கும் ஒண்ணு விடாம. முப்பதடி உயரத்துல கக்கூஸ் குழாயத் தொங்கவிட்டா ஊரே மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் உள்ள வரும்!”

அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். “குழாயெல்லாம் சரியா இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் அச்சு அசலா இருக்கு. அதான் வேடிக்கையே. வேற வேலை இல்லாத யாரோ மணிக்கணக்கா அங்கயே நின்னு பாத்திருக்காங்க.”

“இருக்கும்” என்றாள். அன்று அவள் சிரித்தாளா இல்லையா என்று எனக்கு ஞாபகம் இல்லை. நான்தான் சிரித்துக்கொண்டிருந்தேனே.

நடுவர்கள் மூன்று பேர். அதில் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர், அவர் சொல்வதற்கு மற்ற இருவரும் தலையாட்டினார்கள். படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவது நான். இருநூற்றுப் பதினேழைத் தூக்கியதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

“இத்தனை வருஷத்துல இந்தக் கட்டடத்த யாரும் இப்படிப் பாத்ததில்ல. அந்த இடது ஓரத்தப் பாருங்க. கதவு திறந்திருக்கு, ஆள் இல்ல. அதோட படமே நின்னுபோச்சு. யாரோ வருவாங்கன்னு நம்மள நிக்க வெச்சுட்டு, வெடுக்குன்னு முடிச்சுட்டாங்க. இந்தத் துணிச்சல் சாமானியமா யாருக்கும் வராது.”

அந்த வெடுக்கு என் கத்தி. எனக்குக் கொஞ்சம் குறுகுறுத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கூடவே ஒரு சின்னப் பெருமையும் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், பாதி வெட்கத்தை மட்டும் எழுதி என்ன பயன்?

மேடம் உறையைப் பிரித்தார். பெயரை வாசித்தார். பிறகு முகவரியை வாசித்தார். பாதி வாசித்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அது என் வீட்டு முகவரி.

“அண்ணே, இது நம்ம அண்ணியா? சொல்லவே இல்ல பாருங்க! அழுத்தம்தான் உங்களுக்கு” என்று மேடம் சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் என் முதுகில் தட்டினார். என் முகத்தில் ஈயாடவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். என் காதுக்குள் கக்கூஸ் குழாய் என்ற என் குரலே திரும்பத் திரும்பக் கேட்டது. அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எல்லோரும் போனதும் என் அறைக்கு ஓடினேன். வெட்டிய துண்டுகளை நான் எறிவதில்லை. பிரேமுக்குள் இடைவெளி நிரப்ப ஆகும் என்று கட்டுக்கட்டாக நூல் சுற்றி வைத்திருப்பேன். மூன்றாவது கட்டில் அது இருந்தது. பென்சிலில் ஒரு மனிதன். பின்கதவுப் படியிலிருந்து இறங்கி வருகிறான். கையில் மடக்கிய குடை. பல தடவை வரைந்து அழித்து வரைந்ததில் அந்த இடத்துத் தாள் மெலிந்து போயிருந்தது. அவன் இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

என் எல்லாச் சட்டைகளிலும் இடது தோளுக்குள் அவள் ஒரு சின்னப் பட்டை வைத்துத் தைப்பாள். எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு தோளும் சமமாகத்தான் தெரியும். மூலைமட்டம் என்று பட்டம் வாங்கியவனுக்குத் தன் தோள் கோணல் என்பது ஐம்பத்தாறு வயதில், ஒரு குப்பைக் கட்டிலிருந்து தெரியவந்தது.

அந்தக் கோடு எதற்கு என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவள் கடையில் கோடு போட்டால் அந்த இடத்தில் மடிக்க வேண்டும் என்று அர்த்தம். நான் கோட்டைக் கண்டால் வெட்டுகிறவன்.

மேடத்திடம் ஓடிப்போய் உள்ளதைச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஐயோ அண்ணே. நடுவர் அந்த ஓரத்தத்தான் புகழ்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. இப்ப போய் இதக் கிளப்புனா போட்டியே கேள்விக்குறியாயிடும். அண்ணிக்குக் கிடைச்சதும் போயிடும். அவங்களுக்காகவாவது வாய மூடிட்டிருங்க.”

அவளுக்காக. எனக்கு வேண்டியதும் அதுதானே. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவளுக்குத் தகவல் வந்திருந்தது. முகமெல்லாம் பூரித்திருந்தாள். என்னைக் கண்டதும் அதைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டாள்.

“உங்ககிட்ட சொல்லாமப் போட்டுட்டேன். உங்க சிபாரிசுன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான்.”

“நல்லா இருந்துச்சு” என்றேன்.

“குழாயோடயா?” என்று கேட்டுச் சிரித்தாள். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே சிரித்தாள். பிறகு, “இடது பக்கம் கொஞ்சம் கூட விட்டிருந்தேன். அதப் பாத்தீங்களா?” என்றாள். ஏதோ பரிசுப்பொருளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு கேட்பவள்போல இருந்தது அவள் முகம்.

“அவ்வளவு கூட்டத்துல எங்க பாக்கறது. விழாவுல பாத்துக்கலாம்” என்று மென்று விழுங்கினேன். சட்டைப்பையில் அந்தத் துண்டு இருந்தது. விழாவுக்கு இன்னும் மூன்று நாள். மூன்று நாளில் எத்தனை தடவை டீ குடித்தோம், எத்தனை தடவை ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். ஒவ்வொரு தடவையும் தொண்டை வரைக்கும் வந்ததை உள்ளே தள்ளினேன்.

விழாவன்று அவள் முன்வாசல் படியேறினாள். அதே காவலாளிதான். வயதாகிவிட்டது அவருக்கு. எழுந்து நின்று, “வாங்கம்மா” என்றார். அவள் படியில் ஒரு நொடி நின்று, தோளில் நூல் பிசிறு ஏதும் இருக்கிறதா என்று தட்டிவிட்டுக்கொண்டாள். அவளுடைய நல்ல உடுப்பில் ஒரு பிசிறும் இல்லை. எனக்குத்தான் அந்தப் படியில் நிற்க முடியவில்லை.

கூடத்தில் படத்தைத் தனியாக வைத்து விளக்குப் போட்டிருந்தார்கள். அவள் கிட்டே போனாள். கண் நேராக இடது ஓரத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு கட்டைவிரலால் அந்த வெட்டு விளிம்பை மேலிருந்து கீழ்வரை தடவினாள், கடையில் துணியின் ஓரத்தைத் தடவுவதுபோல. அவ்வளவு நேராக வெட்டுகிற கை இந்தக் கட்டடத்தில் ஒன்றுதான் உண்டு என்று அவளுக்குத் தெரியும். திரும்பி என்னைத் தேடவில்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

கட்டடக் கலைஞர் கால்மணி நேரம் அந்தக் காலிக் கதவைப் பற்றியே பேசினார். பிறகு ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார். “அந்தக் கதவுல ஆளே இல்லாம விட்டீங்களே, அது எப்படித் தோணுச்சும்மா உங்களுக்கு?”

கூடம் முழுக்க அவளைப் பார்த்தது. ‘நான் விடல, வெட்டிட்டாங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் ஐந்தடி தள்ளி, சட்டைப்பையின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றேன். 

“அங்க ஒருத்தர் வருவாரு” என்றாள். கொஞ்சம் நிறுத்தி, “எப்பவுமே லேட்டாத்தான் வருவாரு” என்றாள்.

கூடம் சிரித்துக் கைதட்டியது. அந்த ஐந்தடியை நடந்துபோய், வந்துட்டேன், வெட்டினது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். நான் கைதட்டினேன். எல்லோரையும்விடக் கொஞ்சம் சத்தமாகவே தட்டினேன்.

விழா முடிந்து பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் பூச்செண்டும் சான்றிதழும். துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். “நான்தான் வெட்டினேன்” என்றேன்.

“தெரியும்.” அதை வாங்கிச் சுருக்கத்தை நீவினாள். “வேணாம்னா உள்ள மடிச்சுக்குவாங்கன்னு நினைச்சேன். அதுக்குத்தான் கோடு போட்டிருந்தேன்.” கோபமாகச் சொன்னாலாவது எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். வாடிக்கையாளரிடம் அளவு சொல்கிற குரலில் சொன்னாள். பிறகு கேட்டாள்: “வெட்டறப்ப அதுல ஒரு ஆள் இருந்தது தெரிஞ்சுதா, தெரியலையா?”

பென்சிலில் ஏதோ இருந்தது என்று மேலே எழுதினேன் அல்லவா? அது பூசி மெழுகியது. ஆள் என்று தெரிந்தது. குடைகூடத் தெரிந்தது. மை போடாத ஆள்தானே என்றுதான் வெட்டினேன்.

“தெரிஞ்சுது” என்றேன்.

“நீங்கதான்னு தெரிஞ்சுதா?”

“இல்ல.”

அவள் துண்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். தப்பு எங்கே என்று தேடுகிறவள்போல, குடையை, காலை, தோளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“அப்ப நான்தான் சரியா வரையல போல” என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னாள். நீ தோள் வரைக்கும் சரியாத்தான் வரைஞ்சிருக்க, எனக்குத்தான் என்னை அடையாளம் தெரியல என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவள் முன்னால் ஏறி, எனக்கும் ஓர் இடம் பிடித்து வைத்தாள். போய் உட்கார்ந்தேன். இன்னும் அதை அவளிடம் சொல்லவில்லை.